தோன்றா எழுவாய்

சில திங்களுக்கு முன்னர் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். பயண ஏற்பாட்டுத் தொழிலில் ஈடுபட்டு, இன்று நன்னிலையில் இருப்பவர் அவர். கையில் ஒரு வண்ண விளம்பர ஏடு இருந்தது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தில் உள்ள திராட்சைத் தோட்டங்களுக்கு நம் நாட்டவரை அழைத்துச் செல்லும் பயணத்தைப் பற்றியது அவ்வேடு. மலையடிவாரத்து மாளிகைகளில் தங்குவது, நிலவறைகளில் முதிரும் திராட்சை மதுவைச் சுவைத்துப் பார்ப்பது, மாலையில் கொடிகளுக்கு நடுவே உலாவுவது ஆகியவை அப்பயணத்தின் சிறப்புகள்.

“ஐயா, நம் தமிழ்க் குடும்பங்களும் இப்பொழுது தொலைநாடுகளுக்குச் செல்கின்றன. தமிழிலும் ஓர் அழைப்பு இருக்கட்டும் என்று எண்ணுகிறேன். நீங்கள்தாம் எழுதித் தரவேண்டும்” என்றார்.

ஏட்டைப் படித்தேன். வெள்ளைச் சுவர் மாளிகை இருந்தது, நீலமலை இருந்தது, ஒழுங்காக வரிசை பிடித்த கொடிகள் இருந்தன. “இங்கு மது பிறக்கிறது”, “இங்கு காலம் உறங்குகிறது”, “இங்கு மண் பேசுகிறது” என்று பொருள்படும் வாக்கியங்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. மண் பேசிற்று, மது பிறந்தது. ஆனால் கொடியை நட்டவர் யார், கிளையைக் கவாத்துச் செய்தவர் யார், வெயிலில் குலையைக் கொய்தவர் யார் என்பதைச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

இலக்கண வகுப்பில் தோன்றா எழுவாயைப் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். “வந்தேன்” என்றால் எழுவாய் மறைந்திருந்தாலும், வினைமுற்றின் விகுதியே “நான்” என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். இவ்விளம்பர ஏட்டின் எழுவாயை எந்த வினையும் காட்டிக் கொடுக்கவில்லை. “இத்தோட்டங்களில் வேலை செய்வோர் எங்கே?” என்று கேட்டேன். மாணவர் சிரித்தார். “ஐயா, பயணி இன்பத்திற்குத்தான் பணம் கொடுக்கிறான். துன்பத்தைப் பார்க்க எவன் பணம் கொடுப்பான்?” என்றார்.

அவருக்கு அன்று நான் சொல்லிய விடை முழுமையானதன்று. அதனை முழுமையாகச் சொல்லவே இக்கட்டுரை.

மதுவிலக்குப் பேச்சன்று

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுகிறேன். இது கள்ளுண்ணாமை பற்றிய சொற்பொழிவன்று. வள்ளுவர் அப்பொருளுக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதற்குமேல் சொல்ல நான் யார்? யவனர் கலத்தில் கொணர்ந்த தேறலைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். 1945-ஆம் ஆண்டு அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச் சாடித் துண்டுகள் கிடைத்தன. அன்று மது கடல் கடந்து நம் துறைமுகத்தை நாடி வந்தது. இன்று நாம் கடல் கடந்து மதுவை நாடிச் செல்கின்றோம். செல்பவர் செல்லட்டும். என் வழக்கு குடிப்பவரோடு அன்று. அழைப்பவரோடும், அழைக்கும் மொழியோடும்தான்.

அழைப்பு எங்ஙனம் பிறந்தது?

மதுவைத் தேடிப் பயணியை வரவழைப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, அது விற்பனைக்காக வகுக்கப்பட்ட வழி. ஜெர்மனியில் “மதுச் சாலை” என்று பெயர் சூட்டப்பட்ட நெடுவழி 1935 அக்டோபர் 19-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுடையது அது. விளைச்சல் மிகுந்து மது தேங்கிக் கிடந்த காலம் அது. நெடுங்காலமாக மது வாணிகத்தைத் தாங்கி நின்ற யூத வணிகரை நாஜிகள் துரத்திக்கொண்டிருந்த காலமும் அதுவே. சாலையைத் திறந்து வைத்த ஜோசப் பூர்க்கெல் அவ்வட்டாரத்து நாஜிக் கட்சித் தலைவர். வருக என்று வாயிலைத் திறந்த அதே கை, மற்றொரு வாயில் வழியே மக்களை வெளியேற்றியது. பயணிக்குக் கொடுத்த வழிகாட்டி ஏட்டில் முதல் வாயில் மட்டுமே இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாண்டுகள் கழித்து, 1937-இல், பிரான்சின் பர்கண்டி வட்டாரமும் தன் மதுச் சாலையை வகுத்தது. அச்சாலையைக் கண்டு வந்த தென்னாப்பிரிக்கத் தோட்ட உரிமையாளர் பிரான்ஸ் மாலன், வேறு இரு தோட்டக்காரருடன் சேர்ந்து 1971-இல் ஸ்டெல்லன்போஷ் மதுச் சாலையைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் அதுவே முதலாவது. அஃது நிறவெறி ஆட்சி ஓங்கி நின்ற காலம். கொடிகளுக்கு நடுவே உலாவ வந்தவரின் நிறம் ஒன்று. கொடிகளுக்கு நடுவே குனிந்து நின்றவரின் நிறம் மற்றொன்று. 1994-இல் மக்களாட்சி மலர்ந்த பின்னர் உலகப் பயணிகள் அச்சாலையில் பெருந்திரளாக வரலாயினர். வருவோர் மாறினர், ஆட்சி மாறிற்று, அழைப்பின் மொழி மட்டும் மாறவில்லை.

மதுவுக்கு முன்னே வந்தவர்கள்

கேப் நாட்டுத் திராட்சையிலிருந்து முதன்முதலாக மது பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2-ஆம் நாள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப் குடியேற்றத் தலைவராக 1652-இல் அங்கு வந்திறங்கிய யான் வான் ரீபெக், இறைவனுக்கு நன்றி கூறித் தம் நாட்குறிப்பில் அதனை எழுதி வைத்தார். விளம்பர ஏடுகள் இந்நாளை மறவாது குறிப்பிடுகின்றன. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன், 1658-இல், அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்துவிட்டன என்பதை எந்த ஏடும் குறிப்பிடக் காணேன். கேப் நாட்டில் மதுவைவிட அடிமைத்தனத்திற்கு ஓராண்டு மூப்பு.

1808 வரையில் அங்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர் கணிப்பு. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்கள் உளர். இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் உளர். ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர். வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை என்று பிறந்த இடமே அவர்களுக்குப் பெயரின் பின்னொட்டாயிற்று. தாய் இட்ட பெயரை ஏட்டில் எழுதுவதற்கு எவரும் அக்கறை கொள்ளவில்லை. சிலருக்கு மாதத்தின் பெயரையே பெயராக்கினர். பிப்ரவரி, செப்டம்பர் என்னும் குடும்பப் பெயர்கள் இன்றும் அந்நாட்டில் வழங்குகின்றன. நம் கரையிலிருந்து சென்றவரும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்னும்பொழுது, “தென்னாப்பிரிக்கத் தோட்டத்துக்கும் தமிழனுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்பவர் சற்றே நின்று எண்ணவேண்டும்.

கான்ஸ்டான்ஷியாவின் இனிய மது புகழ்பெற்றது. செயிண்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியன் அதனை விரும்பிப் பருகினான் என்பதை ஒவ்வொரு வழிகாட்டியும் சொல்லுவர். பருகியவன் பெயர் நிலைத்தது. பிழிந்தவன் பெயர் நிலைக்கவில்லை. 1834 டிசம்பர் 1-இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் பயிற்சித் தொழிலாளர் என்னும் புதுப்பெயரில் மேலும் நான்காண்டுகள் அதே எசமானரிடம் அதே மக்கள் உழைத்தனர்.

தகரக் குவளையும் பள்ளிக்கூடமும்

அடிமைத்தனம் ஒழிந்தது, ஆனால் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைக்க வேறொரு கயிறு தேவைப்பட்டது. அக்கயிறு மதுவே. “டொப்” என்று அதற்குப் பெயர். கூலியின் ஒரு பகுதியாக விலை போகாத மட்டமான மதுவை நாளொன்றுக்குப் பலமுறை தகரக் குவளையில் அளந்து கொடுத்தனர். காலையில் ஒரு குவளை, இடையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என்று உழைப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் குவளை வந்தது. உழைத்தவன் பழகினான், பழகியவன் அடிமையானான், அவனை விலைக்கு வாங்கவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. 1960-களில் சட்டம் இதனைத் தடை செய்தது. எனினும் 1990-கள் வரையில் பல தோட்டங்களில் அவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை.

பழங்கதை என்று தள்ளிவிடலாம் என்பாருக்கு ஆசிரியன் என்னும் முறையில் ஒன்று சொல்வேன். 1990-களின் இறுதியில் ஆய்வாளர் சிலர் மேற்குக் கேப்பின் மது வட்டார ஊர் ஒன்றுக்குச் சென்றனர். அவர்கள் சென்றது நிலவறைக்கன்று, பள்ளிக்கூடத்துக்கு. முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தனர். தாய் கருவுற்றிருந்தபோது அருந்திய மதுவால் உடலும் மூளையும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் ஆயிரத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கக் கண்டனர். அதுகாறும் உலகில் எங்கும் அத்துணை உயர்ந்த அளவு பதிவாகியிருக்கவில்லை. வறுமையும் ஊட்டக்குறையும் அதற்குத் துணைக்காரணங்கள். தலைமுறை தலைமுறையாகக் குவளையால் ஊட்டப்பட்ட பழக்கமே வேர்.

எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் கடைசி வரிசையில் திகைத்து அமர்ந்திருக்கும் பிள்ளையை ஒவ்வோர் ஆசிரியரும் அறிவார். சோம்பேறி என்று கடிந்துகொள்வோம். கவனமில்லை என்று பெற்றோரிடம் குறை கூறுவோம். அந்த ஊரின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளை, தான் பிறக்கும் முன்னரே தண்டனை பெற்றுவிட்ட பிள்ளை. சட்டத்தைத் திருத்துவதற்கு ஒரு நாள் போதும். அப்பிள்ளையின் மூளையைத் திருத்த எந்தச் சட்டத்தாலும் இயலாது. இதனைப் பழங்கதை என்பவர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை என்பேன்.

நமக்கு இது தெரியாத கதையா?

இங்கேதான் நம்மைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. என் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். பெரட்டு மணிக்கு எழுந்து இருட்டில் நடந்தவர். அவர் காலத்து ரப்பர்த் தோட்டங்களில் கோயில் இருந்தது, லயங்கள் இருந்தன, அரசு உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் இருந்தது. கேப் நாட்டில் கூலியாகவே மது வந்தது. மலாயாவில் கொடுத்த கூலி மதுவாகித் திரும்பியது. முறை வேறு, முடிவு ஒன்றே.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய போராட்டம் அது. சம்பள உயர்வைக் கேட்டனர். பெண்களை இழிவுசெய்வதை நிறுத்துங்கள் என்றனர். துரைமார் முன்னிலையில் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டிய அவமானத்தை ஒழியுங்கள் என்றனர். அக்கோரிக்கைப் பட்டியலில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி. மற்றொன்று, கள்ளுக்கடைகளை மூடுதல். எழுத்தறியாதவர் என்று நாம் எண்ணும் அம்மக்கள் பள்ளியையும் கள்ளுக்கடையையும் ஒரே பட்டியலில் எழுதினார்கள். ஒன்று திறக்கவேண்டுமானால் மற்றொன்று மூடவேண்டும் என்பதை அவர்கள் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்கவில்லை. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். போருக்குப் பின்னர், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடாவில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்ததையும் நம் வரலாறு அறியும்.

இன்று கேமரன் மலைக்கு வரும் பயணி தேயிலைச் சரிவுகளைப் பச்சைக் கம்பளம் என்று வியந்து படம் எடுக்கிறான். அக்கம்பளத்தை நெய்தவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர் என்பதை அவனுக்கு எவரும் சொல்லாதபோது நம் நெஞ்சு எரிகிறது. “எங்களை மறைத்துவிட்டார்களே” என்று மேடையில் முழங்குகின்றோம். அதே நாம், கேப் நாட்டுத் தொழிலாளியை மறைக்கும் அழைப்பைத் தமிழில் எழுதலாமா? நமக்கு வலிப்பது நியாயம் என்றால் அவனுக்கு வலிப்பதும் நியாயமே.

எதிர்வாதங்கள்

“பயணிகள் வருவதால்தான் அந்தத் தொலைவான ஊர்களுக்குப் பிழைப்பு” என்பர். மறுக்கமாட்டேன். விடுதியில், சமையலறையில், சுவைக்கூடத்தில் பலருக்கு வேலை கிடைக்கின்றது. ஆனால் பணம் வந்தது என்பதும், பணம் உழைப்பவனை அடைந்தது என்பதும் வேறு வேறு. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் மேற்குக் கேப்பின் டி டோர்ன்ஸ் என்னும் ஊரில் பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. அது மதுத் திராட்சையன்று, உண்ணும் திராட்சை விளையும் ஊர். எனினும் போராட்டம் மாநிலத்தின் பல ஊர்களுக்குப் பரவிற்று. அன்று சட்டம் வகுத்திருந்த குறைந்த கூலி நாளொன்றுக்கு 69 ராண்டு. தொழிலாளர் 150 ராண்டு கேட்டனர். 2013 மார்ச் முதல் 105 ராண்டு ஆயிற்று. அந்த உயர்வை வாங்கித் தந்தது தொழிலாளரின் போராட்டமே.

“சட்டங்கள் மாறிவிட்டன; இன்னும் ஏன் குறை தேடவேண்டும்?” என்பர். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை அம்மாநிலத்துப் பழத்தோட்டங்களையும் மதுத் தோட்டங்களையும் ஆராய்ந்தது. குடியிருக்கத் தகாத வீடுகள், பாதுகாப்பின்றி நச்சு மருந்து தெளிக்கும் நிலை, வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் இல்லாமை, சங்கம் அமைக்கத் தடை ஆகியவற்றை அது எடுத்துக் காட்டியது. எல்லாத் தோட்டங்களும் ஒன்றல்ல. நேர்மையாக நடத்துவோரும் உளர். அங்ஙனமாயின் நேர்மையான தோட்டம் எது என்று பயணிக்குத் தெரியவேண்டாமா? தொழிலாளரை மறைக்கும் அழைப்பு கெட்டவனைக் காப்பாற்றுகிறது. நல்லவனுக்குரிய பெயரையும் கிடைக்கவொட்டாமற் செய்கிறது.

இனி என் மாணவரின் வினாவுக்கு வருகிறேன். துன்பத்தைப் பார்க்க எவன் பணம் கொடுப்பான்? கேப் டவுன் துறையிலிருந்து நாள்தோறும் படகுகள் ராபன் தீவுக்குச் செல்கின்றன. நெல்சன் மண்டேலா பதினெட்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த சிறை அங்கே இருக்கிறது. 1997-இல் அருங்காட்சியகமாகி, 1999-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. ஒரு மனிதர் படுத்திருந்த பாயைப் பார்க்க உலகெங்கிலும் இருந்து மக்கள் கட்டணம் செலுத்தி வருகின்றனர். நகரின் நடுவே 1679-இல் கட்டப்பட்ட அடிமை விடுதியும் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. கான்ஸ்டான்ஷியாவின் பழைய மாளிகையும் அடிமைகளின் வாழ்வைக் காட்சியாக வைத்திருக்கிறது. மண்டேலா 1990 பிப்ரவரி 11-இல் விடுதலையாகி நடந்து வந்த சிறைவாயில் எங்கே இருக்கிறது? பார்ல் என்னும் ஊருக்கு அருகில், அதே திராட்சைத் தோட்டங்களுக்கு இடையில்! மதுச் சாலையில் செல்லும் பயணி அவ்வாயிலை அணுகியே செல்கிறான். வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு வரி போதும். உண்மையைச் சொன்னால் பயணி வரமாட்டான் என்பது பயணியை மதியாத பேச்சு. அவன் நாக்கை மட்டும் சுமந்துகொண்டு வருபவனல்லன். கண்ணையும் நெஞ்சையும் சுமந்து வருபவன்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இவ்வளவும் பயண நிறுவனத்தார் படிக்கவேண்டியது. தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் ஏன்? அழைப்பை எழுதுபவர் நாளை நம் வகுப்பிலிருந்துதான் போகிறார் என்பதனால். விளம்பரம் எழுதுக என்று கட்டுரைப் பயிற்சி கொடுக்கின்றோம். அடைமொழிகளை அடுக்கிய பிள்ளைக்கு மதிப்பெண் அள்ளிக் கொடுக்கின்றோம். இனி அப்பயிற்சியின் முடிவில் ஒரு வினாவையும் சேர்ப்போம்: இந்த வாக்கியத்தின் எழுவாய் யார்? பிழிந்தவர் யார், சமைத்தவர் யார், கூட்டிப் பெருக்கியவர் யார்? வினை இருக்கும் இடத்தில் வினைமுதல் இல்லாமற் போகுமா? இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பொய்யைக் கண்டுபிடிக்கவும் உதவும் கருவி அது.

என் மாணவருக்கு அழைப்பை எழுதிக் கொடுத்தேன். மலையை மறைக்கவில்லை, மாளிகையை இகழவில்லை, மதுவின் புகழையும் குறைக்கவில்லை. இறுதியில் சில வரிகளைச் சேர்த்தேன்: “இம்மதுவை முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அடிமைகளும் அவர்களின் வழிவந்த தொழிலாளரும் தங்கள் கைகளால் உருவாக்கி வந்திருக்கின்றனர். அவர்களுள் நம் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் இருந்தனர். அவர்களின் வரலாற்றைக் கூறும் இடங்களையும் இப்பயணத்தில் காண்பீர்கள். நீங்கள் தங்கும் தோட்டத்தில் தொழிலாளர் எங்ஙனம் வாழ்கின்றனர் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.”

“ஐயா, இவ்வரிகளை எடுத்துவிடலாமா?” என்று தொலைபேசியில் கேட்டார். “எடுத்துவிடலாம், அப்பொழுது மற்றவற்றையும் எடுத்துவிடு” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த இடங்களைப் பயணத் திட்டத்தில் முதலில் சேர்க்கவேண்டும், ஐயா. சேர்த்தபின் அச்சுக்குக் கொடுக்கிறேன்” என்றார்.

அவர் என் வகுப்பில் இலக்கணத்தில் அவ்வளவு சிறந்த மாணவர் அல்லர். ஆனால் அன்று எழுவாயைக் கண்டுகொண்டார்.